அங்கன ஏன் போகணும்?

நம் பக்கத்தில் கொலைகாரர்கள் ரொம்பக் குறைவு. விரல் விட்டு எண்ணினால் விரல் மிஞ்சும். ஆனால் கொலையானவனைக் குறுக்கு விசாரணை செய்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களை எண்ணப் புகுந்தால் தேனி மாவட்டத்து வாக்காளர் பட்டியல் முழுவதையும் திரும்ப ஒருமுறை வாசிக்க வேண்டிவரும். செத்தவன் ஏன் அங்கே போனான், ஏன் தனியாகப் போனான், தனியாகப் போகவில்லை என்றால் ஏன் அவனோடு சேர்ந்து போனான், போனவன் ஏன் சத்தம் கேட்டுத் திரும்பினான், திரும்பியவன் ஏன் ஓடவில்லை, ஓடியிருந்தால் ஏன் அந்தப் பக்கமாக ஓடினான் என்று பிணத்தை நிற்க வைத்துக் கேட்பார்கள். கொலைகாரனிடம் மட்டும் ஒரு கேள்வி கிடையாது. அவன் பாவம், அவன் வேலையை அவன் பார்க்கிறான்.

இந்த இனத்துக்கு நான் 'அங்கன ஏன் போகணும் ஆசாமி' என்று பெயர் வைத்திருக்கிறேன். டீக்கடையில், இழவு வீட்டுப் பந்தலில், கம்பம் போகிற பஸ்ஸில், குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் எல்லாம் இவரைப் பார்க்கலாம். என்றாலும் முழு உருவத்தில், எல்லா இறகும் விரித்த நிலையில் பார்க்க வேண்டுமானால், ரத்தம் தெறிக்கிற கொலைப்படம் ஒன்றுக்கு இவரோடு போய் உட்கார வேண்டும். நான் போயிருக்கிறேன். பக்கத்து சீட்டு.

என் ஆசாமியின் பெயர் ஈஸ்வரபாண்டி. சின்னமனூரில் வாழை மண்டி. வந்து இறங்குகிற தாரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இது நாலு நாளில் பழுக்கும், இது ஆறு நாள் தாங்கும், கொச்சிக்கு ஏற்றலாம் என்று சொல்லிவிடுவார். தப்பினதில்லை. அதே கண்ணைத்தான் தியேட்டருக்கும் கொண்டு வருவார். செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலை மடக்கி சீட்டில் வைத்து, சட்டைப் பையிலிருந்து உப்புக்கடலைப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, திரையில் வருகிற ஒவ்வொரு முகமாகப் பார்த்துத் தேதி குறிப்பார். சத்தமாகச் சிரிக்கிறவளா, முதல் சாவு. பாட்டில் வைத்திருக்கிறவனா, இரண்டாவது. ஜோடியாக ஒதுங்குகிறதுகளா, சேர்த்தே ஏற்றிவிடலாம். 'ஒண்ணும் இல்ல, நான் போய்ப் பாத்துட்டு வர்றேன்' என்கிறவனுக்கு இடைவேளை கிடையாது.

"ஏலே, உள்ள போகாதடா. சொன்னாக் கேக்க மாட்டியா? அங்கன ஏன் போகணும்ங்கிறேன். போய்ட்டான். சாவு."

அந்தக் கடைசி வார்த்தையை அவர் சொல்கிற தோரணையைக் கவனிக்க வேண்டும். வருத்தம் மருந்துக்கும் இருக்காது. போட்ட கணக்கு சரியாக வந்த பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் திருப்திதான் இருக்கும். தொடர்ந்து ஒரு கடலையை வாயில் போட்டுக்கொண்டு முத்திரை வைப்பார்: "நான் அப்பவே சொன்னேன்."

படத்தோடு விட்டால் எனக்கு என்ன போச்சு? போன வருஷம் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போன ஜீப் ஒன்று மலைப்பாதையில் கவிழ்ந்து, நாலு பெண்கள் கை கால் ஒடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். இவர் செய்தியைக் கேட்டார், தலையை ஆட்டினார், "பதினாறு பேரு ஏறுன ஜீப்புல இவளுக ஏன் ஏறணும்?" என்றார். ஏறாமல்? பின்னாலேயே இன்னொரு ஜீப் மெத்தை போட்டுக் காலியாக வந்துகொண்டிருந்ததா? பதினாறு பேரை ஏற்றினவனைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. இதற்கும் "நான் அப்பவே சொன்னேன்" உண்டு. எப்போது சொன்னார், யாரிடம் சொன்னார் என்பதற்கு இன்றுவரை சாட்சி கிடைக்கவில்லை.

இவர்கள் ஏன் இப்படி என்று நான் யோசித்திருக்கிறேன். கல் நெஞ்சமெல்லாம் இல்லை. பயம்தான். செத்தவன் ஏதோ தப்புச் செய்துதான் செத்தான் என்று நிரூபித்துவிட்டால், தப்பே செய்யாத நமக்கு ஒன்றும் வராது அல்லவா? இதைவிட மலிவான ஆயுள் காப்பீடு எந்தக் கம்பெனியில் கிடைக்கும்?

சரி, கதைக்கு வருவோம். ஈஸ்வரபாண்டிக்கு ஒரே மகள், அனுஷ்கா. கல்லூரியில் தாவரவியல் இரண்டாம் வருஷம். மேகமலையில் மூன்று நாள் கள முகாம், முப்பது மாணவிகள், இரண்டு பேராசிரியைகள். செடி கொடி பார்த்து, இலை சேகரித்து, ஏடு எழுதிக் கொடுத்தால்தான் அந்தப் பாடத்துக்கு மார்க். போகாவிட்டால் அந்த வருஷத்து உழைப்பு பாழ். செவ்வாய்க்கிழமைக்குள் பெற்றோர் கையெழுத்துப் போட்ட பாரம் போய்ச் சேர வேண்டும். இத்தனைக்கும் அந்த மலை எங்கோ இல்லை. அவர்கள் வீட்டு மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது எதிரே தெரிகிற மலை. பத்தொன்பது வருஷமாக அவள் துணி காயப்போட்டிருக்கிறாளே தவிர, அங்கே போனதில்லை.

ஈஸ்வரபாண்டி பாரத்தை வாங்கினார், படித்தார், மடித்தார்.

"மலை, பங்களா, பொம்பளப் புள்ளைக. அங்கன ஏன் போகணும்?"

"படிக்கப்பா."

"படிக்கிறதுக்குத்தான் காலேசு இருக்கே. இந்தா பாரு ஆத்தா, ஞாயித்துக்கிழம உன்னை ஒரு படத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். மலையில பங்களாவுக்குப் போனதுக என்ன கதியாச்சுன்னு ரெண்டரை மணி நேரம் காட்டுறாக. பாத்துட்டு நீயே சொல்லு, போகணுமான்னு."

கவனித்தீர்களா? வேறு எந்த ஊரில் ஒரு தகப்பன், பெற்ற மகளின் படிப்பைத் தீர்மானிக்க ஒரு கொலைகாரனைச் சாட்சிக்கு அழைத்திருப்பான்? ஆனால் அழைத்தார். ஞாயிறு மதியக் காட்சிக்குத் தேனிக்குக் காரை எடுத்தார். அவர் மனைவி அனுசுயா, அனுஷ்கா, மண்டிக்கு எதிரே மருந்துக்கடை வைத்திருக்கும் ஷானவாஸ், பிறகு நான்.

படத்தின் பெயர் 'பங்களாவில் பத்துப் பேர்'. படம் புதுசு, எடுத்த விதம் பழசு. நாற்பது வருஷத்துக்கு முந்தின படம் போல இருக்க வேண்டுமென்று டைரக்டர் மெனக்கெட்டு நிறத்தை வெளிற வைத்து, படம் முழுக்கக் கோடு விழ வைத்து, சத்தத்தைக் கரகரக்க விட்டிருந்தார். ஓடத் தொடங்கின இரண்டாவது நிமிஷம் பின்வரிசை எழுந்துவிட்டது. "ஏலே ஆபரேட்டரு, லென்ஸத் தொடைடா." ஆபரேட்டர் வெளியே வந்து, கோடு படத்திலேயே இருக்கிறது, தன் மேல் குற்றமில்லை என்று சத்தியம் பண்ண வேண்டியதாயிற்று.

ஒன்பது கல்லூரிப் பிள்ளைகள், மலைமேல் பூட்டிக் கிடந்த தேயிலைப் பங்களா, அதற்கு ஒரு கிழ வாட்ச்மேன். புது வீட்டு வாசலில் திருஷ்டிக்கு மாட்டுவோமே, நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு முழிக்கிற அரக்கன் மூஞ்சி, அதை முகத்தில் மாட்டிக்கொண்டு ஒருவன் அருவாளோடு வருகிறான். முதல் ஆள் டெலிபோன் பேசிக்கொண்டிருக்கும்போது போனான். கை மட்டும் தனியாக ரிசீவரைப் பிடித்தபடி தொங்க, மறுமுனையில் அவன் அம்மா "சாப்ட்டியாடா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். இன்னொருத்தியை டேப் ரெக்கார்டர் கேசட்டிலிருந்து உருவின நாடாவால் முடித்தான். ஜோடியாக ஒதுங்கின இரண்டையும் தேயிலை அரைக்கிற எந்திரத்துக்குள் தள்ளிவிட்டான். காலையில் வாட்ச்மேன் எல்லாருக்கும் டீ கொண்டுவந்து கொடுக்க, மீதிப் பிள்ளைகள் உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு டீ நல்லா திக்கா இருக்கு தாத்தா" என்கின்றன. தியேட்டரே விழுந்து விழுந்து சிரித்தது. ஷானவாஸ் மட்டும் விரல் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாவம்ணே, சின்னப் புள்ளைக" என்றார்.

"என்ன பாவம் பாய்? ஒதுங்குனதுகள்ல? வாட்ச்மேன் சொல்லல?"

வாட்ச்மேன் சொல்லத்தான் செய்தார். அதுதான் அவருக்கு வேலையே. அந்தப் பக்கம் போகாதீக, இருட்டினா வெளிய வராதீக, சிரிப்புச் சத்தம் கேக்கக்கூடாது, சொல்றதக் கேளுங்க கண்ணுகளா. ஒவ்வொரு முறையும் ஈஸ்வரபாண்டி தொடையில் தட்டினார். இடைவேளையில், தியேட்டரில் ஒரு ஆள்கூட டீ வாங்காத அந்த இடைவேளையில், இவர் ஒருத்தர் மட்டும் டீயை உறிஞ்சியபடி மகளிடம் திரும்பினார்.

"பாத்தியாத்தா? ஒம்போதுல அஞ்சு காலி. படத்துலயே புத்தியுள்ள மனுசன் அந்த வாட்ச்மேன் ஒருத்தருதான். படிச்சுப் படிச்சுச் சொல்றாக, கேக்குதுகளா?"

"எல்லாக் கதவுக்கும் அவருகிட்டதானப்பா சாவி இருக்கு?" என்றாள் அனுஷ்கா.

"வாட்ச்மேன்கிட்ட சாவி இல்லாம பின்ன போஸ்ட்மேன்கிட்டயா இருக்கும்?"

அவள் சோளப்பொரியைத் தின்றுகொண்டிருந்தாள்.

உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். பின்வரிசைக்கும் தெரிந்திருந்தது. ஷானவாஸுக்கே விரல் இடுக்கு வழியாகத் தெரிந்துவிட்டது. தாரைப் பார்த்துத் தேதி சொல்கிறவருக்கு மட்டும் தெரியவில்லை. கடைசியில் ஒரே ஒரு பெண் மிஞ்சி, திருஷ்டி மூஞ்சியைப் பிடுங்கி எறிய, உள்ளே வாட்ச்மேன். ரத்தம் சொட்டுகிற அருவாளை இடது கையில் பிடித்துக்கொண்டு, ரொம்ப நியாயமான குரலில், கொஞ்சம் மனசு வருந்தினவர் மாதிரி அவர் சொல்கிறார்:

"நான் அப்பவே சொன்னேன்ல?"

அந்த வசனத்தை அதற்குள் நாங்கள் ஏழு தடவை பக்கத்து சீட்டிலிருந்து கேட்டிருந்தோம். முதலில் சிரித்தது அனுசுயா. முந்தானையை வாயில் வைத்து அடக்கியும் முடியவில்லை. அப்புறம் முன்வரிசை திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அனுஷ்கா சிரிக்கவில்லை. அப்பாவின் முகத்தைத்தான் பார்த்தாள். அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. திரையில் அந்தப் பெண் கிழவனின் சாவிக்கொத்தைப் பிடுங்கி, அவரைத் தேயிலை காயவைக்கிற அறைக்குள் தள்ளிப் பூட்டிவிட்டு, தனியாக, நடந்தே மலையிறங்கி வீட்டுக்குப் போனாள்.

கார் வீரபாண்டி ஊரைத் தாண்டியதும் அனுஷ்கா கேட்டாள்.

"அப்பா, படம் பாத்தாச்சு. பாரத்துல கையெழுத்து?"

"லாஜிக்கே இல்லாத படம். கெழவன் இடது கையால எட்டுப் பேர எப்படி வெட்டுவான்? இதையெல்லாம் வச்சு எதையும் தீர்மானிக்க முடியாது."

"அப்ப படத்த வச்சுத் தீர்மானிக்க வேணாம்னு சொல்றீகளா?"

"வாய் ரொம்ப நீளுது. போக வேணாம்னா வேணாம்."

ஷானவாஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நானும்தான். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் திங்கள், காலை எட்டரை மணி. மண்டியில் லாரியிலிருந்து தார் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு சீப்புப் பழம் வாங்கப் போன நானும் நின்றிருந்தேன். இறக்குகிற ஆள் பிச்சைமணியும் ஞாயிற்றுக்கிழமை அதே படத்தைப் பார்த்திருக்கிறான். சும்மா இருந்திருக்கலாம்.

"மொதலாளி, வாட்ச்மேன்தான் ஆளுன்னு எனக்கு மொதல் சீன்லயே தெரியும். இடது கையாலதான பீடி பத்த வச்சான்? வெட்டெல்லாம் இடது பக்கமிருந்து வந்துச்சு பாத்தீகள்ல?"

ஒரு நிபுணனை இதைவிடக் கேவலப்படுத்த முடியாது. ஈஸ்வரபாண்டி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"இடது கையா? வெட்டுனவனுக்குத் தெரியும்டா. நான் முப்பது வருசமா தார் வெட்டுறேன். இடது கையால வெட்டுனா அருவா எங்கன போகும் தெரியுமா? இங்கன பாரு."

அருவாளை இடது கையில் வாங்கினார். வலது கையால் ஒரு செவ்வாழைத் தாரின் காம்பைப் பிடித்துத் தூக்கினார். ஓங்கினார். அருவாள் எங்கன போகும் என்பது எங்கள் எல்லாருக்கும் அப்போதே தெரிந்துபோயிற்று.

வலது கைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே. ஷானவாஸ் பஞ்சும் துணியுமாக ரோட்டைத் தாண்டி ஓடிவந்தார். படத்தில் கண்ணை மூடினவர், இங்கே மூடவில்லை, கையை இறுகப் பிடித்து உயர்த்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ ஏற்றினார். ஏழு தையல். எலும்புக்கு ஒன்றும் இல்லை.

சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் வீட்டில் கூட்டம். ரொட்டி வந்தது, சாத்துக்குடி வந்தது, வாழை மண்டிக்காரருக்கு இரண்டு பேர் வாழைப்பழம் வாங்கி வந்தார்கள். எல்லாரும் உட்கார்ந்தார்கள், கையில் போட்ட கட்டைப் பார்த்தார்கள், பெருமூச்சு விட்டார்கள், ஆரம்பித்தார்கள்.

"நீங்க எதுக்கு அருவாளத் தொடணும்? அதுக்கு ஆளு இல்லையா?"

"தொட்டதுதான் தொட்டீக, இடது கையாலயா தொடுவாக?"

"திங்கக்கிழம எட்டரை ராகுகாலம்ல? அந்த நேரத்துல ஏன் தூக்கணும்?"

ஓய்வுபெற்ற வாத்தியார் ஜேசுராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "நீங்க மண்டிக்கு உள்ள ஏன் போகணும்? கல்லாவுல இருக்க வேண்டிய ஆளு கல்லாவுல இருக்கணும்" என்றார். சொந்த மண்டிக்குள் ஏன் போகணும்! முதல் மூன்று பேருக்கு ஈஸ்வரபாண்டி விளக்கம் சொன்னார். நாலாவது ஆளுக்குப் படத்திலிருந்து ஆரம்பித்தார். எட்டாவது ஆளுக்குமேல் சொல்வதை நிறுத்திவிட்டுக் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, தப்புச் செய்து மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினோராவது ஆள் நான். "நீங்க ஏன்ணே அதைப்போய்..." என்று நானும் தொடங்கினேன்.

ஐந்தரைக்கு அனுஷ்கா கல்லூரியிலிருந்து வந்தாள். பையைக்கூட இறக்காமல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவர் காலடியில் உட்கார்ந்து, கட்டின கையைத் தன் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டாள்.

"வலிக்குதாப்பா?"

அவர் நிமிர்ந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். "ம்" என்றார்.

காலையிலிருந்து அதை யாரும் கேட்டிருக்கவில்லை. கடலை கொறித்துக்கொண்டு அடுத்தவன் சாவுக்குத் தேதி குறிக்கிற ஆள்தான், எனக்கு அவர் மேல் நிறையக் கோபம் உண்டு, ஆனாலும் அந்த "ம்" எனக்கு என்னவோ செய்தது. வெட்கமாகவும் இருந்தது. வாங்கிப்போன சாத்துக்குடியை வைத்துவிட்டு ஓரமாக நின்றுகொண்டேன்.

கூட்டம் கலைந்த பிறகு, "அந்தப் பாரம் எங்கன இருக்கு?" என்றார். கொண்டுவந்தாள். வலது கையால் பேனா பிடிக்க முடியவில்லை. இடது கையை நீட்டினார். அந்தக் கையின் மேல் அப்போது வீட்டில் யாருக்கும் நம்பிக்கை இல்லை. அனுசுயா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, பாரத்தை வாங்கி மேலிருந்து கீழ்வரை வாசித்துவிட்டு, தன் பெயரை முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"பெற்றோர்னுதான் போட்டிருக்கு. அப்பான்னு போடல."

"இத நீ அப்பவே போட்டுருக்கலாம்ல?" என்றார் ஈஸ்வரபாண்டி.

"அப்பவே எங்கிட்ட யாரு நீட்டுனா?"

வியாழன் போய் சனிக்கிழமை திரும்பி வந்தாள். மூக்கு கறுத்து, ஏடு நிறைய இலையோடு, கணுக்காலில் நாலு இடத்தில் அட்டை கடித்து. காலைப் பார்த்ததும் ஈஸ்வரபாண்டிக்குப் பழைய வேகம் வந்துவிட்டது. "அட்டை இருக்கிற எடத்துக்கு அங்கன ஏன்..." என்று தொடங்கினார். கட்டுப் போட்ட கை கண்ணில் பட்டது. மீதியை விழுங்கினார்.

திருந்திவிட்டாரா என்று கேட்கிறீர்கள். மகள் விஷயத்தில், பாதி. மற்றபடி, தேவாரம் ஊர்ப் பக்கம் ஒருத்தி கழுத்துச் சங்கிலியைப் பறிகொடுத்த செய்தி அடுத்த வாரம் டீக்கடைக்கு வந்தபோது, கட்டுப் போட்ட கையை ஆட்டி ஆட்டி, "அதப் போட்டுக்கிட்டு அங்கன ஏன் போகணும்?" என்றார். அவர் வெட்டு வேறு கதையாம். அது விபத்தாம்.

நீங்கள் சிரித்திருப்பீர்கள். நல்லது. போகிறதற்கு முன் உங்களிடம் ஒன்று கேட்டுவிடுகிறேன், உண்மையைச் சொன்னால் போதும். அந்த மனுஷர் இடது கையில் அருவாளை வாங்கினாரே, அந்த இடத்தை வாசித்தபோது உங்கள் மனசில் முதலில் வந்தது எது? ஐயோ, கை வலித்திருக்குமே என்பதா? அல்லது, இந்த ஆள் அதை ஏன் தூக்கணும் என்பதா?

இரண்டாவதுதான் என்றால் கூச்சப்பட வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை தேனிக்கு வாருங்கள். எங்கள் வரிசையில் ஒரு சீட்டு எப்போதும் காலியாக இருக்கிறது. கடலை அவர் கொண்டுவருவார்.